வெயில் நாட்டில் கம்பளிக் கோட்டு

ஜொகூர் பாருவில் கோட்டுத் தைக்கத் துணி தேடிக் கடையேறுவோர் பலரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இந்த வெயிலுக்குக் கம்பளியா?” என்பதே அது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் அமைந்த நகரம் அது. தை மாதமாயினும் ஆடி மாதமாயினும் பகல் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தொடாமல் அடங்குவது அரிது. காற்றிலுள்ள ஈரமோ, காலையில் உலர்த்திய துணியை மாலைவரை முழுதாகக் காயவிடாத தன்மையது. பனிக்காலம் என்பதைப் பாடநூலில் மட்டுமே கண்ட மாணவர்கள் வாழும் ஊரில், செம்மறியாட்டின் மயிரால் நெய்த துணியை உடலில் சுற்றிக்கொள்வது அறிவுடைமை ஆகுமா?

கேட்பவர் துணியை மட்டும் எண்ணிக் கேட்பதில்லை. ‘கம்பளி’ என்னும் சொல்லையும் சேர்த்தே எண்ணுகிறார். தமிழ்ச் செவியில் அச்சொல் விழுந்ததும் மனக்கண்ணில் எழுவது சொரசொரப்பான கறுப்புப் போர்வை. தமிழகத்தில் ஆடு மேய்த்த குறும்பர்கள் தம் மந்தையின் மயிரைத் திரித்து நெய்த முரட்டுப் போர்வை அது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர்க்கு அக்கம்பளியே குடையும் கூரையுமாக இருந்தது. மழையிலும் பனியிலும் அதனைத் தலைமேல் மடித்திட்டு முதுகுப்புறம் தொங்கவிட்டுப் பெண்கள் கொழுந்து பறித்தனர். அதன் விலை தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறியதும் உண்டு. ஆகவே தமிழர் வாழ்வில் கம்பளி என்பது குளிரின் சின்னம். சில இடங்களில் கடனின் சின்னமுங்கூட.

ஆயினும் இலக்கியம் கற்றவர்கள் மற்றொன்றையும் நினைவுகூர வேண்டும். இளங்கோவடிகள் புகார் நகரைக் காட்டும்போதும் மதுரையின் அறுவை வீதியைக் காட்டும்போதும் பருத்தி, பட்டு ஆகியவற்றோடு மயிரையும் ஆடைக்குரிய நூற்பொருளாக எண்ணுகிறார். இரண்டு நகரங்களும் வெயில் நகரங்களே. மயிரால் நெய்த நுண்ணிய ஆடைக்கு அங்கே நெய்வாரும் கொள்வாரும் இருந்தனர் எனின், மயிராடை எல்லாம் போர்வை அன்று என்பது தெளிவு.

அண்மையில் ஒரு சனிக்கிழமை முற்பகலில், பழைய நகரின் ஜாலான் டோபிக்கு அருகிலுள்ள மாடிப்படி ஒன்றில் ஒரு தந்தையும் மகனும் ஏறினர். முன்னாளில் சலவைத் தொழிலாளரால் பெயர் பெற்று, இன்று காப்பிக் கடைகளால் பெயர் பெற்றிருக்கும் தெரு அது. தந்தை குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர், பால்மரம் சீவியவர், தோட்டம் செம்பனைக்கு மாறியபின் ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மகன் ஆசிரியர் பயிற்சியை முடித்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றுகிறவர். தை மாதம் அவருக்குத் திருமணம். காலையில் கோயிலில் பட்டு வேட்டி. மாலையில் ஸ்கூடாயில் வரவேற்பு விருந்து. அதற்குத்தான் கோட்டு.

மகனின் எண்ணம் வேறாக இருந்தது. “ஒரு மாலைக்குத்தானே அப்பா? வாடகைக்கு எடுத்துக்கொண்டால் செலவு குறையும்” என்று அவர் வீட்டிலேயே சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னதில் குற்றமில்லை. கோட்டு வாடகைக்குக் கிடைக்கிறது. விருந்துக்கு வருவோர் துணியைத் தொட்டுப் பார்க்கப் போவதும் இல்லை. மிச்சமாகும் வெள்ளியில் புதுக்குடித்தனத்துக்குச் சலவைப் பொறி ஒன்று வாங்கலாம். தந்தை மறுமொழி எதுவும் சொல்லவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த தம் திருமணப் படத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, மகன் கையில் கொடுத்தார்.

அத்தகைய படம் தொங்காத தோட்ட வீடு ஒரு காலத்தில் குறைவு. சிறு பட்டணத்துப் படக்கடைகளில் பின்திரை, பூச்சாடி, நாற்காலி ஆகியவற்றோடு ஒரு கோட்டும் இருக்கும். படமெடுக்க வரும் ஆடவர் எவராயினும் அதை மாட்டிக்கொண்டு நிற்கலாம். பருமனானவர்க்குப் பொத்தான் எட்டாது. மெலிந்தவர்க்கு முதுகுப்புறம் ஊக்குக் குத்தி இழுத்துவிடுவார்கள். முன்புறம் மட்டுந்தானே படத்தில் விழும்! அந்தத் தந்தையின் படத்தில் முதுகு தெரியவில்லை. ஆனால் கைகள் தெரிந்தன. இல்லை, தெரியவில்லை என்பதே சரி. சட்டைக்கை விரல்களின் பாதிவரை இறங்கி, மணமகனின் இரு கைகளையும் விழுங்கியிருந்தது. நகக்கண்களில் பாற்கறை ஏறிய கைகள் படத்தில் விழாமற்போனதே நல்லது என்று அன்று அவர் எண்ணியிருக்கவும் கூடும். முப்பத்தைந்து ஆண்டுகளாக அவ்வாறு எண்ணிக்கொண்டே இருந்தார் என்று சொல்ல முடியாது. மகன் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வாடகை என்ற பேச்சை எடுக்கவில்லை.

கோட்டு என்னும் ஆடை ஜொகூருக்கு நேற்று வந்ததன்று. புதிய ஜொகூரின் தந்தை எனப் போற்றப்படும் அபு பக்கார் 1862இல் ஆட்சிக்கு வந்தவர். இளமையில் சிங்கப்பூர்த் தெலுக் பிளாங்காவில் கீஸ்பரி என்னும் பாதிரியாரின் பள்ளியில் பயின்றவர். 1866இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா அரசியாரைச் சந்தித்தார். நீரிணையை நோக்கி நிற்கும் இஸ்தானா பெசார் அரண்மனையும் அவ்வாண்டில் எழுந்ததே. 1885இல் சுல்தான் என்னும் பட்டத்தோடு பிரிட்டன் அவரை ஏற்றது. 1895இல் அவர் மறைந்ததும் இலண்டனில்தான். ஐரோப்பியப் பாங்கில் தைத்த மேலங்கியோடும் தலையில் மலாய்த் தொப்பியோடும் அவர் தோன்றும் படங்கள் ஒரு செய்தியைக் கூறுகின்றன. வெள்ளையரோடு மேசைக்கு எதிரெதிரே அமர்ந்து உடன்படிக்கை பேச வேண்டிய சிற்றரசர் ஒருவர், அவர்கள் மதிக்கும் ஆடையைத் தாமும் அணிந்து, தம்முடையதைத் தலையில் வைத்துக்கொண்டார். அந்தத் துணிக்கும் அரசியல் உண்டு.

வெள்ளையர் ஆட்சி 1957இல் முடிந்தது, கோட்டு முடியவில்லை. ஆற்றில் மிதந்ததைக் கம்பளி மூட்டை என எண்ணிப் பற்றிய ஒருவன், அது கரடி எனத் தெரிந்தபின், ‘நான் விட்டாலும் கம்பளி என்னை விடவில்லையே’ என்று அலறிய கதையைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அக்கதை ஏறத்தாழ இங்கே பொருந்தும். மலேசியாவில் முழுக்கைப் பத்தேக் சட்டை முறையான உடையாகவே ஏற்கப்படுகிறது. அது உடலுக்கும் இதமானது. இருந்தும் வழக்கறிஞர் நீதிமன்றத்துக்குக் கோட்டணிந்து செல்கிறார். மணமகன் விருந்தில் கோட்டணிந்து நிற்கிறார். விட முடியாத கரடியாயின், குறைந்தது மயிர் நல்லதாக இருக்கட்டும் என்று துணிக்கடைக்காரர் ஒருவர் சொன்னால் அதைக் குறைகூற இடமில்லை.

மாடிக் கடையின் தையற்காரர் எழுபதைக் கடந்தவர். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், கையில் துணி மாதிரிகள் தைத்த தடித்த புத்தகம். வெயிலையும் கம்பளியையும் பற்றிய கேள்வியைத் தந்தையும் கேட்டார். பெரியவர் விடையை வாயால் சொல்லாமல் இரண்டு துண்டுகளை மேசைமேல் வைத்தார்.

“இதைத் தடவிப் பாருங்கள் ஐயா. பிறகு இதை.”

முதலாவது தடித்தது, மேலெல்லாம் மெல்லிய மயிர் சிலிர்த்திருந்தது, அழுத்தினால் பஞ்சுபோல் அமிழ்ந்தது. இரண்டாவது வழவழப்பாக, சற்றே மொடமொடப்பாக, விரல் நழுவும்படி இருந்தது. இரண்டும் தூய கம்பளியே என்று அவர் சொன்னதைத் தந்தையால் நம்ப முடியவில்லை.

வேறுபாடு நூற்கும் முறையில் உள்ளது. குட்டையான மயிர்களை ஒழுங்கின்றிக் கலந்து நூற்றால் நூலுக்குள் காற்று தங்கும்; அக்காற்றே வெதுவெதுப்பைக் காக்கும். போர்வையும் டுவீடும் அவ்வகை. நீண்ட மயிர்களை மட்டும் சீப்பால் வாரிக் குட்டையானவற்றைக் களைந்து, ஒரே திசையில் படியவைத்து முறுக்கி நூற்றால் மெல்லிய உறுதியான நூல் கிடைக்கும். அந்நூலால் நெய்வது வொர்ஸ்டெட். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள வொர்ஸ்டெட் என்னும் சிற்றூரின் பெயரே துணியின் பெயராயிற்று. கோட்டுக்கு நாடப்படும் துணி பெரும்பாலும் இதுவே. ஆக, ‘வெயிலுக்குக் கம்பளியா?’ என்று கேட்பதைவிட ‘எந்தக் கம்பளி?’ என்று கேட்பதே பொருத்தம்.

இதில் அறிவியலும் உண்டு. ஆட்டு மயிர் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. மனிதரின் தலைமுடியும் நகமும் அவ்வினப் பொருளே. அது காற்றிலும் வியர்வையிலும் உள்ள ஈரத்தை ஆவியாகவே உள்ளிழுக்கும். தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்ற பின்பும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. காற்றுப் பட்டதும் அந்த ஈரத்தை மெல்ல விட்டுவிடும். பாலியெஸ்டர் அவ்வாறன்று. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்ட இழை அது. டெரிலின் என்ற பெயரில் ஒரு தலைமுறை அதன்மேல் பித்தாக அலைந்தது. துவைத்தால் உடனே காயும், கசங்காது, விலையும் குறைவு என்பன அதன் சிறப்புகள். உடனே காய்வதற்குக் காரணம் அது நீரை ஏற்காமையே. உடலின் வியர்வையையும் அது ஏற்காது. வியர்வை போக வழியின்றி முதுகில் ஓடும். பிற்பகலில் ஐந்தடிப் பாதையில் பாலியெஸ்டர்க் கோட்டோடு நடந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதனால் கம்பளி குளிர்ச்சி தரும் என்று எவரும் கொள்ள வேண்டா. ஜொகூர் வெயிலில் கோட்டே அணியாமல் இருப்பதுதான் குளிர்ச்சி. அணிந்தே தீரவேண்டும் எனில், தாங்கக்கூடியது எது என்பதே ஆராய்ச்சி.

அவ்வாராய்ச்சியில் முதலில் வருவது எடை. ஆங்கிலேயர் வழக்கில் 60 அங்குல அகலத் துணியின் ஒரு கஜம் எத்தனை அவுன்சு என்று கணக்கிடுவர். 12 அவுன்சுத் துணி இங்கிலாந்துக்கு நடுத்தரமானது. ஒரு மீட்டருக்கு 370 கிராமுக்கு மேல் நிற்கும். வெப்ப நாடுகளுக்கென நெய்பவை 7 முதல் 9 அவுன்சு. மீட்டர்க் கணக்கில் ஏறத்தாழ 220 முதல் 280 கிராம். பலரும் இங்கேதான் தவறுகின்றனர். எடை குறையக் குறைய நல்லது என்றெண்ணி ஆக மெல்லியதைத் தேர்ந்தெடுக்கின்றனர். அத்தகைய துணி தொங்கும் அழகில்லாமல் உடலோடு ஒட்டும். உட்கார்ந்து எழுந்தால் முழங்காலிலும் இடுப்பிலும் கசங்கல் நிலைத்துவிடும். எடையைவிட நெசவே முதன்மை என்றார் பெரியவர். பாவும் ஊடையும் ஒன்றுவிட்டு ஒன்று ஏறியிறங்கும் நேர்நெசவில் கண்கள் திறந்திருக்கும். சாய்வரி நெசவில் நூல்கள் நெருங்கிப் படுத்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு நெசவாலை ஒன்று, நூலை மிக இறுக முறுக்கி நேர்நெசவில் நெய்து ஃபிரெஸ்கோ என்னும் துணியை வெளியிட்டது. அது கைக்கு எடையாகத்தான் இருக்கும். ஆனால் ஊதினால் மூச்சு மறுபக்கம் போகும்.

பெரியவர் அதைச் செய்தே காட்டினார். மூன்று துணிகளைச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒன்றில் வெளிச்சம் ஊசிமுனைகளாகக் கசிந்தது. மற்ற இரண்டும் சுவர்போல் நின்றன. பிறகு மகனிடம் ஒவ்வொன்றையும் கொடுத்து, கைப்பிடிக்குள் கசக்கிப் பத்து எண்ணி விடச் சொன்னார். முறுக்கேறிய நூல் துணி உள்ளங்கையிலிருந்து எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் விரிந்தது. வகுப்பில் நெம்புகோலும் கப்பியும் விளக்கும் ஆசிரியர், அன்று மாணவர்போல் மும்முறை கசக்கிப் பார்த்தார்.

ஆனால் அவர் மனம் வேறொரு துணியில் சென்றிருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பட்டுப்போல் மின்னிய நீலத் துணி அது; ‘சூப்பர் 150’ என்னும் முத்திரை தாங்கியது; விலையும் அதற்கேற்ப இருந்தது. “இதுதான் உயர்ந்தது போலிருக்கிறது” என்றார். தந்தை விலையைக் கேட்டார். கேட்டபின், சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு, “தம்பிக்குப் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்வோம்” என்றார்.

விற்பவராயின் இவ்விடத்தில் பேச்சை நிறுத்திக் கத்தரியை எடுத்திருப்பார். பெரியவர் எடுக்கவில்லை.

‘சூப்பர்’ என்பதன் பின்வரும் எண் மயிரின் நுண்மையைக் குறிப்பது. சூப்பர் 100 எனில் மயிரின் விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேற்படக் கூடாது; சூப்பர் 150 எனில் 16.25 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண் கூடினால் மென்மை கூடும், விலையும் கூடும். உழைப்போ அவ்வாறு கூடுவதில்லை; பெரும்பாலும் குறையும். மிக நுண்ணிய துணி உரசலில் விரைவில் தேயும், கசங்கும், ஈரக் காற்றில் துவளும். குளிரூட்டிய மகிழுந்திலிருந்து இறங்கிக் குளிரூட்டிய அறைக்குள் செல்வோர்க்கு அது பொருந்தலாம். நாற்காலி விளிம்பில் கையூன்றி, சுண்ணத் தூளைத் தட்டி, மழையில் பள்ளித் திடலைக் கடக்கும் ஆசிரியருக்கு அது பொருந்தாது.

“தம்பி, இந்தத் துணி நல்லதுதான். இன்னொருவருக்கு” என்றார் பெரியவர்.

நல்ல துணி வேறு, ஏற்ற துணி வேறு என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1888இல் பாரிஸ்டர் படிப்புக்காகக் கப்பலேறிய பதினெட்டு வயது இளைஞர் காந்தி, கரையிறங்கும்போது அணிவதற்கென்றே வெள்ளை ஃபிளானல் உடையைக் காத்து வைத்திருந்தார். ஃபிளானலும் கம்பளியே. கப்பல் சௌதாம்ப்டன் சேர்ந்தபோது செப்டம்பர் கடைசி, கோடை கழிந்துவிட்டது. துறைமுகத்தில் வெள்ளை உடையில் நின்றவர் தாம் ஒருவரே என்பதைக் கண்டு அவர் கூசினார். பெட்டிகளை முகவரிடம் ஒப்படைத்துவிட்டதால் உடனே மாற்றவும் இயலவில்லை. இதைச் சத்திய சோதனையில் அவரே எழுதியுள்ளார். துணியில் குறையில்லை, மாதம் பொருந்தவில்லை. பின்னாளில் மதுரையில் 1921இல் அவர் ஆடை பற்றி எடுத்த முடிவைத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலாயா ஆசிரியர் வரலாற்றிலும் இதற்கு மறுதலையான காட்சி உண்டு. 1952 முதல் 1962 வரை லிவர்பூலுக்கு அருகே கெர்க்பியிலும், 1955 முதல் 1964 வரை வூல்வர்ஹாம்ப்டன் அருகே பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜிலும் மலாயா ஆசிரியர்களுக்கென்றே பயிற்சிக் கல்லூரிகள் நடந்தன. எல்லா இனத்து இளைஞரும் அங்கே பயின்றனர். விடுதலை பெறும் நாளைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரி 7ஆம் நாள் கெர்க்பி மாணவர்முன் அறிவித்தார். வடஇங்கிலாந்தின் பிப்ரவரி அது. வெயிலில் வளர்ந்த உடல்கள் தடித்த கம்பளிக்குள் அடைக்கலம் புகாமல் அந்தச் செய்தியைக் கேட்டிருக்க முடியாது. அவர்களில் ஒருவரது மேலங்கி ஊர் திரும்பிய பின் ஜொகூர் வீட்டு அலமாரியில் அந்துப்பூச்சிக்கு இரையாவதன்றி வேறு எதற்குப் பயன்பட்டிருக்கும்?

சூப்பர் 150 மூடப்பட்டது. மேசைமேல் இரண்டு துணிகள் எஞ்சின. இரண்டும் 9 அவுன்சு, நேர்நெசவு. ஒன்று கருநீலம், மற்றொன்று கரும்பழுப்பு. விலை முன்னதில் பாதிக்கும் கீழே.

தந்தைக்கு ஓர் ஐயம் எழுந்தது. கரையில் ஆலையின் பெயர் ஆங்கிலத்தில் நெய்யப்பட்டிருந்தது. வேட்டிக்குக் கரை பார்த்து வாங்கிப் பழகியவர் அவர். கரையைப் போலியாகவும் நெய்யலாம் என்பதை அறிந்தவர். “இது முழுக் கம்பளிதானா?” என்று தயங்கிக் கேட்டார். பெரியவர் வருந்தவில்லை. ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றையும் ஊடை நூல் ஒன்றையும் உருவி, தீக்குச்சியைக் கிழித்தார். நூல் தயங்கித் தயங்கி எரிந்தது. தீயை விலக்கியதும் அணைந்தது. தலைமுடி கருகிய நாற்றம் எழுந்தது. நுனியில் தங்கிய கரியை விரலால் நெருட, தூளாக உதிர்ந்தது. பிறகு தம் கடையிலேயே கிடந்த கலப்புத் துணி ஒன்றின் நூலைக் கொளுத்தினார். அது உருகிச் சுருண்டு, நுனியில் கடுகுபோல் கெட்டியான மணி ஒன்றை விட்டுச்சென்றது. பருத்தியாயின் காகிதம் எரியும் மணம் வரும் என்றும் சொன்னார். மகன் அந்த இரு நூல்களின் எச்சத்தையும் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை அறிவியல் வகுப்புக்கு அவை போயிருக்கும்.

துணி மட்டும் நல்லதாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஏமாறும் இடம் உள்துணி. வெளியே காற்றுப் புகும் கம்பளியை வைத்து, உள்ளே முழுவதும் பாலியெஸ்டர் லைனிங் கொடுத்துத் தைத்தால் சன்னலைத் திறந்து வைத்துச் சுவரெழுப்பிய கதைதான். முதுகின் கீழ்ப்பாதியில் உள்துணி இல்லாமல், தோளுக்கும் கைகளுக்கும் மட்டும் விஸ்கோஸ் அல்லது குப்ரோ கொடுப்பது வெப்ப நாட்டு முறை. மார்புப் பகுதிக்கு உள்ளே வைக்கும் கான்வாசையும் கேட்டறிய வேண்டும். பசையால் ஒட்டியது விலை குறைவு. ஆனால் வெப்பத்திலும் சலவையிலும் பசை விட்டுப்போனால் கோட்டின் மார்பில் கொப்புளம் எழும். தைத்துப் பொருத்தியதற்கு அந்தத் தொல்லை இல்லை. இவற்றை எல்லாம் மணமகன்கள் கேட்பதில்லை. பொத்தானின் நிறத்தைக் கேட்கிறார்கள்.

நிறத்தைக் கடைக்குள் முடிவு செய்யப் பெரியவர் விடவில்லை. இரண்டு துணிகளையும் தோளில் போட்டுக்கொண்டு மூவரும் படியிறங்கி ஐந்தடிப் பாதைக்கு வந்தனர். குழல்விளக்கில் கறுப்பெனத் தோன்றிய கருநீலம் பகலொளியில் நீலமாகவே தெளிந்தது. மகனின் ஒரு தோளில் அதையும் மறுதோளில் கரும்பழுப்பையும் போட்டு, தந்தையைத் தெருவோரம்வரை பின்னே போகச் சொன்னார் பெரியவர். மாநிறத்துக்குக் கரும்பழுப்பு முகத்தை வாடச் செய்தது. கருநீலம் எடுத்துக் காட்டியது. கருப்பு வேண்டுமா என்ற பேச்சும் வந்தது. “கருப்பு விருந்துக்கு மட்டும். நீலம் விருந்துக்கும் ஆகும், பரிசளிப்பு விழாவுக்கும் ஆகும், நேர்முகத் தேர்வுக்கும் ஆகும்” என்று பெரியவர் முடித்துவிட்டார். காப்பிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி ஒருவர் கேளாமலேயே நீலத்தைச் சுட்டித் தலையசைத்தார். மூன்றரை மீட்டர் வெட்டப்பட்டது.

தைத்ததைக் காப்பதும் துணித் தேர்வின் பகுதியே. ஜொகூர்க் காற்றின் ஈரம் அலமாரிக்குள்ளும் நுழையும். பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தின் புழுக்கள் கெரட்டினையே உணவாகக் கொள்பவை. வியர்வையோடு மடித்து வைத்த கம்பளி அவற்றுக்கு விருந்து. அணிந்த பின் அகலமான தோள் கொண்ட மாட்டியில் தொங்கவிட்டு, தூரிகையால் துடைத்து, இரண்டு நாள் காற்றாட விட்டால் போதும். அடிக்கடி சலவைக்குக் கொடுப்பது துணியின் ஆயுளைக் குறைக்கும்.

முதல் பொருத்தம் பார்க்க மூன்று வாரம் கழித்து அவர்கள் மீண்டும் வந்தனர். வெள்ளை நூலால் ஓட்டுத்தையல் போட்ட கோட்டு. ஒரு கை மட்டும் பொருத்தியிருந்தது. மற்றொன்று மேசைமேல் கிடந்தது. பெரியவர் தோளை நீவினார், முதுகில் சுண்ணத்தால் இரண்டு கோடு இழுத்தார், கழுத்துப் பட்டையைச் சற்று உயர்த்தி ஊசி குத்தினார். மகன் நிலைக்கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தை கண்ணாடியைப் பார்க்கவில்லை. அருகில் வந்து மகனின் கையைத் தூக்கி, தொங்கவிட்டு, மறுபடி தூக்கினார். மணிக்கட்டு எலும்பருகே கோட்டின் கை நின்றது. அதன்கீழ் வெள்ளைச் சட்டை அரை அங்குலம் தெரிந்தது. அதற்குக் கீழே ஐந்து விரல்களும் தெரிந்தன.

“கையின் உள்மடிப்பில் எவ்வளவு துணி விட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“முக்கால் அங்குலம். தம்பி இனி வளரப் போவதில்லையே ஐயா.”

“இவனுக்கு இல்லை. கல்லூரியில் படிக்கும் இளையவன் இவனைவிட நெட்டை. அவனுக்கும் ஒரு நேர்முகத் தேர்வு வரும்.”

பெரியவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தம் புத்தகத்தில் எழுதினார்: கை உள்மடிப்பு, 2 அங்குலம்.